பெயரில்தான் இருக்கிறது சம்பளம்

ஒரே வேலைக்கு நாலு வருஷத்தில் மூன்று பெயர் வைத்த கதை தெரியுமா?

1977. எமர்ஜென்சி முடிந்து ஜனதா ஆட்சி. ரேபரேலியில் இந்திரா காந்தியைத் தோற்கடித்த ராஜ் நாராயண்தான் சுகாதார அமைச்சர். டாக்டர்கள் கிராமத்துக்குப் போகத் தயங்குகிறார்கள். சரி, கிராமத்திலேயே ஒருவரைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தால் என்ன? சீனாவில் 'வெறுங்கால் டாக்டர்கள்' அப்படித்தானே உருவானார்கள்? அந்த வருஷம் காந்தி ஜெயந்தியன்று திட்டம் ஆரம்பமானது. ஆயிரம் பேருக்கு ஒருவர். மூன்று மாதப் பயிற்சி, கையில் கொஞ்சம் மருந்து, மாதம் 50 ரூபாய். பெயர், சமுதாய சுகாதார ஊழியர்.

1980-ல் அது 'சமுதாய சுகாதாரத் தொண்டர்' ஆனது. 1981-ல் 'கிராம சுகாதார வழிகாட்டி'. நடுவில் 'ஊழியர்' என்ற வார்த்தை காணாமல் போனதைக் கவனித்தீர்களா? ஊழியர் என்றால் சம்பளம் கேட்பார், பென்ஷன் கேட்பார். தொண்டர் என்னத்தைக் கேட்பது?

ஆனாலும் கேட்டார்கள். சங்கம் வைத்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 50 ரூபாய் என்னவோ வருஷக்கணக்கில் 50 ரூபாயாகவே இருந்தது. 2002-ல் மத்திய அரசு பணத்தை நிறுத்திக்கொண்டது.

மூன்றே வருஷம். 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தது. கூடவே வந்தவர்கள் 'ஆஷா'க்கள். மறுபடியும் ஆயிரம் பேருக்கு ஒருவர். இந்த முறை எல்லாருமே பெண்கள். ஆஷா என்றால் இந்தியில் நம்பிக்கை. ஆங்கிலத்தில் விரித்தால், அக்ரெடிட்டட் சோஷியல் ஹெல்த் ஆக்டிவிஸ்ட். அதாவது ஆர்வலர். இங்கேயும் 'ஊழியர்' கிடையாது! தமிழ்நாட்டில் கிராம சுகாதார நர்ஸ்கள் இருப்பதால் ஆஷாக்களை நாம் அதிகம் பார்ப்பதில்லை. நாடு முழுக்க எண்ணினால் பத்து லட்சம் பேர் தேறுவார்கள்.

மாதச் சம்பளம் என்று திட்டத்தில் எதுவும் இல்லை. வேலைக்கு ஒரு ரேட். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 42 நாளில் ஆறு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்து, எடை போட்டு, தாய்க்குப் புத்தி சொல்லிவிட்டு வந்தால் 250 ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஒரு தடவைக்கு 42 ரூபாய்கூட வராது. கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். 'சம்பளம்' என்ற தலைப்பில் எழுதினால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வரும், பி.எஃப். வரும், கிராஜுவிட்டி வரும். 'ஊக்கத்தொகை' என்று எழுதினால் ஒன்றும் வராது.

2013-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் உட்காரும் சபை அது. இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்கவேண்டும், குறைந்தபட்சக் கூலி கொடுக்கவேண்டும் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு பேப்பரில் தூங்கியது.

கொரோனா வந்தது. வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டது இவர்கள்தான். 2020 ஜூலையில் கர்நாடக ஆஷாக்கள் மாதம் 12,000 ரூபாய் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. பாராட்டு குவிந்தது. பதவி என்னவோ அதே ஆர்வலர்தான்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2022 ஏப்ரலில், சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. வழக்கு அங்கன்வாடிப் பெண்களுடையது. 'மதிப்பூதியம்' என்று என்ன பெயர் வைத்தாலும் வேலைக்குக் கொடுக்கிற பணம் ஊதியம்தான். கிராஜுவிட்டி கொடுங்கள் என்றது. அங்கன்வாடிக்கு உடைந்த பூட்டு ஆஷாவுக்கு உடையாதா?

2025 பிப்ரவரி 10. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் எதிரே கேரள ஆஷாக்கள் உட்கார்ந்தார்கள். மாநிலம் கொடுத்த மதிப்பூதியம் 7,000 ரூபாய். அவர்கள் கேட்டது 21,000 ரூபாய், ஓய்வு பெறும்போது 5 லட்சம். மாநில அரசு டெல்லியைக் கைகாட்டியது, டெல்லி மாநிலத்தைக் கைகாட்டியது. வெயில், மழை, உண்ணாவிரதம். 50-வது நாள், மார்ச் 31 அன்று, நடுத்தெருவில் கூந்தலை வெட்டிப்போட்டார்கள். சிலர் மொட்டையே அடித்துக்கொண்டார்கள்.

என்ன கிடைத்தது? மதிப்பூதியத்தைப் பிடித்துவைக்க உதவிய நிபந்தனைகளை அரசு நீக்கியது. பிறகு 1,000 ரூபாய் ஏற்றி 8,000 ஆக்கியது. 260 நாளைத் தாண்டிய பிறகு நவம்பர் தொடக்கத்தில் பந்தலைப் பிரித்தார்கள்.

ஆயிரம் ரூபாய்க்கா இவ்வளவு என்று கேட்கலாம். வெறும் ஆயிரத்துக்கு இல்லை. 1977-ல் கொடுத்து 1980-ல் திரும்ப எடுத்துக்கொண்ட 'ஊழியர்' என்ற வார்த்தையைத்தான் அவர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.