ஆயனின் கோலும் காவலரின் ஏடும்

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு என்றதும் நம் நினைவில் எழுவது முல்லைப் பெரியாறு அணையே. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அந்தப் பெரும்பணி 1895-இல் நிறைவுற்றது. பென்னிகுயிக்கின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் உழவர் இன்றும் நம்மிடையே உள்ளனர். நீரைத் திருப்பிய அதே அரசு, மனிதரையும் திருப்ப முயன்றது. அந்த இரண்டாம் வரலாற்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

வட இந்தியாவில் 1871-இல் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டின் திருத்தத்தால் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர் சமூகம் அதன் பிடியில் அகப்பட்டது. ஒருவன் திருடினானா என்று கேட்பதற்கு முன்னரே, அவன் பிறப்பே அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று. ஆடவர் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் தம்மைக் காட்ட வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டுப் பெற வேண்டும். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டதாக அவ்வூர் இன்றும் நினைவுகூருகிறது.

இவ்வரலாற்றைக் கல்வியுலகம் மெல்ல மெல்லவே அணுகியது. பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1957-இல் வெளியிட்ட பெருநூல் இம்மக்களின் உறவுமுறையையும் சமயத்தையும் விரிவாக ஆராய்ந்தது. பின்னர் 2009-இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஆனந்த் பாண்டியனின் 'குரூக்கட் ஸ்டாக்ஸ்' (கோணல் தண்டுகள் என்பது பொருள்) நம் கம்பம் பள்ளத்தாக்கையே களமாகக் கொண்டது. வரலாறு, அரசியல், அறநெறி மூன்றையும் ஒரே வரப்பில் நடத்திச் செல்லும் நூல் இது. வாழவேண்டிய முறையில் வாழ மனிதர் எவ்வாறு கற்றுக்கொள்கின்றனர் என்பதே அதன் அடிப்படை வினா.

நிலத்தைப் பண்படுத்துவதும் மனத்தைப் பண்படுத்துவதும் நம் மொழியில் ஒரே சொல்லால் குறிக்கப்பெறுகின்றன. இவ்வொற்றுமையை ஆசிரியர் சொல்விளையாட்டாகக் கொள்ளவில்லை. உழவனாக்கினால் கள்ளன் திருந்துவான் என்று ஆட்சியாளர் நம்பினர்; ஏரும் பள்ளிக்கூடமும் கூட்டுறவுச் சங்கமும் சீர்திருத்தக் கருவிகளாயின. ஆயினும் மக்கள் தம் அறத்தை அரசிடமிருந்து மட்டும் பெறவில்லை. பழமொழியிலும் பழந்தமிழ் மரபிலும் அன்றாட உழைப்பிலும் அதனைக் கண்டெடுத்தனர். இதுவே நூலின் அரிய பங்களிப்பு என்போம்.

அருள்பணியாளராகிய நம்மை உறுத்தும் பகுதி வேறொன்று. மிஷேல் ஃபூக்கோ என்னும் பிரெஞ்சு மெய்யியலார், நவீன அரசின் ஆளும் முறைக்கு ஒரு வேர் கிறிஸ்தவத்தின் ஆயர் பணியில் உள்ளது என்றார். மந்தை முழுவதையும் காப்பதோடு, ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியே அறிந்து வழிநடத்தும் அதிகாரம் அது. இக்கருத்தைக் கொண்டு, 2008-இல் வெளியான கட்டுரையொன்றில் கள்ளர் சீர்திருத்தத்தை ஆனந்த் பாண்டியன் ஆராய்ந்தார். நல்லாயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று நாம் மறையுரையில் மகிழ்ந்து கூறுகிறோம். காவல் நிலையத்தின் ஏடும் ஒவ்வொருவரையும் பெயராலும் ரேகையாலும் அறிந்திருந்தது! அறிதல் இரண்டிலும் உண்டு. வேறுபாடு எங்கே?

இது வெறும் ஒப்புமை அன்று. மீனா ராதாகிருஷ்ணா 2001-இல் வெளியிட்ட 'டிஸ்ஆனர்டு பை ஹிஸ்டரி' என்னும் நூல், அன்றைய சென்னை மாகாணத்தின் ஸ்டூவர்ட்புரத்தில் இத்தகைய மக்களுக்கான குடியிருப்பை இரட்சணிய சேனை நடத்தியதை விளக்குகிறது. இன்று ஆந்திராவில் உள்ள அவ்வூரில், நற்செய்தி அறிவித்த கையே அரசின் காவலையும் ஏற்றிருந்தது. அது நம் சபை அன்று என்று ஒதுங்குவது எளிது. ஆனால் கிறிஸ்துவின் பெயரால் நிகழ்ந்ததை வேறொருவர் கணக்கில் எழுதிவிட்டு நாம் விலகிவிட முடியாது.

நல்லாயன் அறிவது ஆடு வாழ்வதற்காக. அதற்காகத் தன் உயிரையும் ஈகிறான். காவலர் ஏடு அறிவது ஆட்சியின் அமைதிக்காக. நல்லாயனை ஆடுகளும் அறியும். ஏட்டை எழுதியவரையோ எவரும் கேள்வி கேட்க இயலாது. எனவே நம் மேய்ப்புப்பணியைச் சோதித்தறிய ஓர் உரைகல் உண்டு: நாம் யாரை அறிந்திருக்கிறோமோ அவர் நம்மைத் தட்டிக் கேட்க முடிகிறதா?

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒடுக்கப்பட்ட நினைவு ஒருவரை ஒடுக்காதவராக்கிவிடும் என்பதற்கு உறுதி இல்லை. 1989-இல் போடிநாயக்கனூர்ப் பகுதியில் தேவர், பள்ளர் சமூகத்தாரிடையே வெடித்த கலவரம் நம் பள்ளத்தாக்கின் ஆறாத வடு. பிறப்பைக் கொண்டு மனிதரைத் தீர்ப்பிடும் கொடுமையை அறிந்த மண்ணிலேயே பிறப்பின் பெயரால் குருதி சிந்தியது. எகிப்தில் அடிமைகளாயிருந்ததை மறவாதீர் என்று இஸ்ரயேல் மக்களுக்குத் திருச்சட்டம் திரும்பத் திரும்ப நினைவூட்டியதன் காரணம் இதனால் விளங்கும். தன் காயத்தை நினைப்பவன் அந்நியனின் காயத்தையும் காணவேண்டும் என்பதே அந்நினைவின் நோக்கம்.

குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடெங்கும் 1952-இலும் நீங்கியது. ஆனால் 1948-இலேயே வழக்கக் குற்றவாளிகளுக்கென வேறொரு சட்டம் இங்கு இயற்றப்பெற்றது. ஏடுகள் மாறின, ஒரு சாதியின் பெயர் கேட்டவுடன் ஒரு குணத்தை முடிவு செய்யும் பழக்கம் நம் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. ஊர்ப்பெயரைக் கேட்டே வேலை மறுப்பதும், தெருப்பெயரைக் கேட்டே பெண் கொடுக்க மறுப்பதும் அந்த ஏட்டின் எஞ்சிய பக்கங்களே.

இந்நூல்கள் ஆங்கிலத்தில், கற்றோர்க்கென எழுதப்பெற்றவை. அவை பேசும் மக்களோ நம் கோவில் வாசலில் நிற்பவர்கள். பங்குதோறும் உள்ள அன்பியக் கூட்டங்களில் இவற்றின் சாரத்தை எடுத்துரைப்பதும், ரேகைச் சட்டக் காலத்தைத் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்ட முதியோரைப் பேசவிட்டுக் கேட்பதும் நம்மால் இயலும். அங்கே நாம் போதிப்பவராக அமர வேண்டாம்; ஒருமுறையேனும் கேட்பவராக அமர்வோம்.