குமாவுன் பைன் காடுகளும் 1921ஆம் ஆண்டுத் தீயும்

இமயமலையின் குமாவுன் பகுதியில் சிர் பைன் காடுகள் அதிகம். கோடையில் உதிரும் ஊசியிலைகள் தரையை மூடிவிடுவதால் புல் முளைக்காது. எனவே கிராம மக்கள் அவற்றைத் தீ வைத்து எரிப்பது வழக்கம். மழை பெய்ததும் மாடுகளுக்குப் பசும்புல் கிடைக்கும்.

பைன் பிசினும் ரயில் பாதைக்கான சிலீப்பர் கட்டைகளும் ஆங்கில அரசுக்குத் தேவைப்பட்டன. 1911 முதல் 1917 வரை இக்காடுகள் காப்புக்காடுகளாக்கப்பட்டன. மேய்ச்சலுக்கும் தீ வைப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. 1921 கோடையில் மக்களின் கோபம் காட்டுத் தீயாக மாறியது. எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகளே! தழையும் விறகும் தந்த ஓக் காடுகளை மக்கள் தொடவில்லை.

தீயும் எல்லா மரங்களையும் ஒன்றுபோல் பாதிப்பதில்லை. வளர்ந்த பைன் மரத்துக்குத் தடித்த பட்டையே கவசம். எரிந்த வெற்றுத் தரையில் அதன் விதைகள் எளிதில் முளைக்கும். ஓக் கன்றுகளோ அடிக்கடி வரும் தீயில் கருகிவிடும். பிசினுக்காகப் பட்டை சீவப்பட்ட பைன் மரங்கள் மட்டும் அந்தக் காயத்தின் வழியே பற்றிக்கொள்ளும்.

1931இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்து, காட்டின் ஒரு பகுதி கிராமங்களின் பொறுப்புக்குத் திரும்பியது. ஆனாலும் 2016இலும் 2024இலும் உத்தராகண்ட் காடுகள் பெருமளவில் எரிந்தன. சட்டம் மட்டும் தீயை அணைக்காது. காட்டைத் தன்னுடையதாக நினைக்கும் மனிதர்களும் வேண்டும்.