செயற்கைச் சுவாசமும் வளியின் ஈரப்பதனும்

நாம் உட்சுவாசிக்கும் வளியைச் சூடாக்கி ஈரமாக்கும் பணியின் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையுமே செய்து முடிக்கின்றன. அவ்வளி நுரையீரலின் ஆழத்தை அடையும்போது அதன் வெப்பநிலை 37 பாகை செல்சியஸாகவும், அதன் ஒவ்வொரு லீற்றரிலும் உள்ள நீராவி ஏறத்தாழ 44 மில்லிகிராமாகவும் இருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்ட நோயாளியிடம் இந்த இயற்கை ஏற்பாடு பயனற்றுப் போகின்றது. வாய் வழியாகவோ கழுத்தில் இடப்பட்ட துளை வழியாகவோ செலுத்தப்படும் குழாய், வளியை நேரே மூச்சுக்குழலுக்குக் கொண்டு செல்கின்றது. வைத்தியசாலைகளில் வழங்கப்படும் ஒட்சிசனோ உலர்ந்தது. அதனை அவ்வாறே செலுத்தினால் சளி தடித்து இறுகும். சளியை வெளித்தள்ளும் பிசிர்களின் அசைவு தளரும். ஈற்றில் குழாயே அடைபட்டு உயிராபத்து நேரலாம்.

இதனைத் தவிர்க்க இரு முறைகள் உள்ளன. முதலாவது, சூடாக்கப்பட்ட கிருமியற்ற நீரின் மேலாக வளியைச் செலுத்துவது. இரண்டாவது, நோயாளியின் வெளிமூச்சிலுள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்துவைத்து அடுத்த உள்மூச்சுடன் திருப்பியளிக்கும் சிறு சாதனம். இதற்கு மின்சாரமோ நீரோ வேண்டியதில்லை. எனினும் சளி மிகுந்தவர்களுக்கும், உடல் வெப்பநிலை 32 பாகைக்குக் கீழ் வீழ்ந்தவர்களுக்கும் இது ஏற்றதன்று. அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, முதலாவது முறையில் லீற்றருக்கு 33 முதல் 44 மில்லிகிராம் வரையிலும், இரண்டாவதில் குறைந்தது 30 மில்லிகிராமும் நீராவி கிடைத்தல் வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பொருத்தலாகாது; சிறு சாதனம் நனைந்து மூச்சுக்கே தடையாகிவிடும்.

2020இல் கொவிட் பெருந்தொற்றின்போது, கிருமி பரவுவதைத் தடுக்கும் நோக்கில் பல நாடுகளின் வைத்தியசாலைகள் இரண்டாவது முறையையே நாடின. அவ்வாறு நாட்கணக்கில் சிகிச்சை பெற்ற நோயாளர் சிலரின் குழாய்கள் இறுகிய சளியால் அடைபட்டமையை மருத்துவ ஏடுகள் பதிவு செய்தன.

மறுபுறத்தில், குளிர்ந்து குழாயில் தேங்கும் நீரும் தீங்கானதே. அது நோயாளியின் பக்கம் வழிந்தால் கிருமிகள் நுரையீரலைச் சென்றடையக்கூடும். ஆகவே நீர்மட்டம், வெப்பநிலை, சளியின் தன்மை ஆகியவற்றை இரவு பகலாகக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற தாதியர் அவசியம்.

சுவாசக் கருவியை வாங்குவோரும் அன்பளிப்புச் செய்வோரும் கருவியின் எண்ணிக்கையை மட்டும் கருத்திற் கொள்வது போதாது. வளியை ஈரமாக்கும் சாதனமும் அதனைக் கவனிக்கும் ஆளணியும் இல்லாதவிடத்து, உயிர்காக்க வந்த கருவியே உயிருக்கு ஊறாகலாம்.