ஒரே பெட்டியில் இரண்டு கூடைகள்

வீட்டுக்கு எஸ்பிரெசோ இயந்திரம் வாங்கியவர்கள் முதல் நாள் சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "தண்ணி மாதிரி கொட்டுது", இல்லையென்றால் "சொட்டுகூட வர மாட்டேங்குது". உடனே சர்வீஸ் சென்டருக்குப் போன் போகும். இயந்திரத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால், கைப்பிடிக்குள் போட்டிருக்கும் எஃகுக் கூடையை எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பல கம்பெனிகள் ஒரே பெட்டியில் இரண்டு வகைக் கூடை வைத்து அனுப்புகின்றன. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கவிழ்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்றின் அடியில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் இருக்கும். அது ஒற்றைச் சுவர்க் கூடை. மற்றதன் உள்தட்டிலும் அதே போலத் துளைகள் உண்டு. ஆனால் அதன் கீழே இன்னொரு தட்டு, அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு துளை. இது இரட்டைச் சுவர்க் கூடை.

எஸ்பிரெசோ இறங்க ஏறக்குறைய 9 பார் அழுத்தம் வேண்டும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் 15 பார், பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு மட்டுமே. தண்ணீருக்குத் தடை இருந்தால்தான் அழுத்தம் உருவாகும். அந்தத் தடையைத் தருவது யார் என்பதில்தான் இரண்டு கூடைகளும் பிரிகின்றன. ஒற்றைச் சுவரில் அந்த வேலையைச் செய்வது காபித்தூள். நன்றாக அரைத்து, சமமாக அழுத்திய தூள். இரட்டைச் சுவரில் அந்த ஒற்றைத் துளை. தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி பொத்தினால் தண்ணீர் சீறுகிறதே, அதே வித்தைதான்.

முதலில் இயந்திரம் குற்றமற்றது என்று தீர்த்துக்கொள்வோம். இதற்கு எந்தக் கூடையும் வேண்டாம். கைப்பிடியை மாட்டாமல் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். சீராகக் கொட்டினால் பம்ப் நன்றாக இருக்கிறது. கடகடவென்று சத்தம் மட்டும் வந்து தண்ணீர் வராவிட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கும். புது இயந்திரத்தில் இது சகஜம். நீராவிக் குழாயிலோ வெந்நீர்க் குழாயிலோ தண்ணீரை ஓடவிட்டால் காற்று வெளியேறிவிடும். தண்ணீர்த் தொட்டி அடிவரை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள். தொட்டிக்குள் போடும் வடிகட்டியை ஊறவைக்காமல் மாட்டினாலும் காற்று சிக்கும். கைப்பிடியின் ஓரத்தில் காபி கசிந்தால், கூடையின் விளிம்பில் தூள் ஒட்டியிருக்கலாம், அல்லது கைப்பிடி முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். ரப்பர் வளையம் புதிதாக இருக்கும்போது விறைப்பாகத்தான் இருக்கும்.

இனி கூடைகள்.

ஒற்றைச் சுவரில் எந்தத் தவறும் ஒளிய முடியாது. 18 கிராம் தூள் போட்டு, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் காபி இறங்க வேண்டும் என்பது பொதுவான தொடக்கக் கணக்கு. கூடை சிறியதென்றால் தூளும் குறையும், விகிதம் அதேதான். கடையில் ஃபில்டருக்கு என்று அரைத்து வாங்கிய தூளை இதில் போட்டால், எட்டுப் பத்து விநாடியில் வெளிறிய நீர் கொட்டிவிடும். வாயில் வைத்தால் புளிக்கும். ஃபில்டர் தூள் நம் கைக்கு நைஸாகத் தெரிந்தாலும் எஸ்பிரெசோவுக்கு அது கரகரப்பு. மிக்சியில் அரைத்தால் இன்னும் மோசம்: பாதி மாவு, பாதி குருணை. தண்ணீர் குருணை பக்கமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும். மாறாக, தூள் அளவுக்கு மீறி நைஸானால் பம்ப் முனகும், சொட்டுச் சொட்டாகக் கசப்பு இறங்கும். மருந்து ஒன்றுதான்: கொட்டையை ஒரே சீராக அரைக்கும் பர் கிரைண்டர். தூளின் எடையை மாற்றாமல், அரைப்பை ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்க்க வேண்டும். எவ்வளவு பலமாக அழுத்துவது என்று பலர் மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். தூளின் மேற்பரப்பு சாயாமல் மட்டமாக இருப்பதே அதைவிட முக்கியம்.

இரட்டைச் சுவரோ எல்லாவற்றையும் மன்னித்துவிடும். பழைய தூள், கரகரப்பான தூள், கோணலாக அழுத்திய தூள், எதைப் போட்டாலும் மேலே பொன்னிற நுரை நிற்கும். ஆனால் அசல் நுரை வேறு. 1948இல் இத்தாலியரான அகிலே கஜ்ஜியாவின் நெம்புகோல் இயந்திரம் மிலானில் வந்தபோது காபியின் மேல் முதன்முதலாகத் தடித்த நுரை படர்ந்தது. புதிதாக வறுத்த கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு, அழுத்தத்தில் கரைந்து வெளிவருவதால் உண்டாவது அது. இரட்டைச் சுவரின் நுரையிலோ பெரும்பங்கு, ஊசித்துளை வழியே காபி பீய்ச்சியடிப்பதால் வருவது. ஆகவே இந்தக் கூடையில் நுரையை வைத்துக் காபியின் தரத்தை எடைபோடாதீர்கள். அழுத்தமானி உள்ள இயந்திரத்தில் முள் சரியான இடத்தில் நிற்பதையும் நம்ப வேண்டாம். அது காட்டுவது பெரும்பாலும் துளையின் தடையைத்தான். நாக்கு ஒன்றே சாட்சி.

இரட்டைச் சுவருக்கும் தனி நோய்கள் உண்டு. துளை ஒன்றே என்பதால் அடைத்துக்கொண்டால் எல்லாமே நிற்கும். பெட்டிக்குள் ஒரு மெல்லிய ஊசி இருந்தால் அது இதற்காகத்தான், தூக்கி எறியாதீர்கள். காபி இறங்கிய பிறகு கூடைக்குள் தூள் சேறாகக் கிடக்கும், அது பழுதில்லை. ஆனால் அழுத்தத்தைத் தானாக வெளியேற்றும் வால்வு இல்லாத இயந்திரத்தில், கைப்பிடியை உடனே கழற்றினால் கொதிக்கும் சேறு முகத்தில் தெறிக்கும். ஒற்றைச் சுவர் அடைத்துக்கொண்டாலும் இதே ஆபத்து உண்டு. சற்றுப் பொறுத்து மெதுவாகத் திருப்புங்கள்.

சிக்கரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய விதி. அப்படியானால் மீதி 49 வரை சிக்கரியாக இருக்கலாம். சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுக்கும். பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் நிதானமாக, கெட்டியாக இறங்க அது உதவும். எஸ்பிரெசோவில் இரண்டு கூடைகளுக்குமே அது எதிரி. இயந்திரத்துக்கு என்று வாங்கும்போது கடைக்காரரிடம் "சிக்கரி வேண்டாம், பியூர்" என்று சொல்லிவிடுங்கள். கொட்டை வகை பீபெரியோ பிளாண்டேஷனோ, அது உங்கள் விருப்பம்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், காபிக்கு ஒற்றைச் சுவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிரைண்டர் இல்லாத வீட்டில் அது வெறும் தலைவலி. அரைத்த தூளையே வாங்கப்போகிறவர்கள் இரட்டைச் சுவரோடு நிற்கலாம், பால் சேர்த்துக் குடித்தால் பெரிய குறையும் தெரியாது. இன்னும் இயந்திரம் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு படி மலிவான இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல கிரைண்டர் வாங்குங்கள், கையால் சுற்றுவதானாலும் சரி.