அரப்பிலிருந்து ஷாம்பு பாக்கெட் வரை: தருமபுரி வட்டாரத் தலைமுழுக்குப் பொருள்களும் உட்பொருள் அறியும் உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

தலைமுடிக்குப் பயன்படும் பொருள்களில் தீங்கு விளைவிக்கும் உட்பொருள்கள் பற்றிய பேச்சு, பெரும்பாலும் ‘இயற்கை நல்லது, செயற்கை தீயது’ என்ற எதிர்நிலையில் முடங்கிவிடுகிறது. அரப்பும் சீயக்காயும் வழங்கிய தருமபுரி வட்டாரத்தில் ஷாம்பு பாக்கெட்டும் தலைச்சாயமும் இடம்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. எந்தப் பொருள் தீங்கானது என்பதோடு, அது உள்ளே இருப்பதை யார் அறிய முடிகிறது என்பதும் இவ்வரலாற்றின் மையக் கேள்வி என இது வாதிடுகிறது.

திறவுச் சொற்கள்: அரப்பு, சீயக்காய், தருமபுரி, ஷாம்பு பாக்கெட், தலைச்சாயம், உட்பொருள் பட்டியல்

முன்னுரை

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிக்கப்பட்ட தருமபுரி, மழை குறைந்த மேட்டுநிலம். கிழக்கே சித்தேரி மலையும் நடுவே வத்தல்மலையும் மேற்கே பென்னாகரம் காடுகளும் அமைந்த இம்மாவட்டத்தில் முட்புதர்க் காடும் இலையுதிர் காடும் மிகுதி. உசில் எனவும் துரிஞ்சி எனவும் வழங்கும் மரம் இக்காடுகளுக்கு உரியது. அதன் இலையை உலர்த்தி இடித்த தூளே அரப்பு. எண்ணெய் தேய்த்துத் தலை முழுகும் நாளில் அரப்பைக் கஞ்சித்தண்ணீரில் குழைத்துத் தேய்ப்பது இவ்வட்டாரத்துக்கும் கொங்குப் பகுதிக்கும் பொதுவான வழக்கம். சீயக்காய் மலைக்காட்டில் படரும் முட்கொடியின் காய். புளி, தேன், கடுக்காய் ஆகியவற்றோடு மலைவாழ் மக்கள் சேகரித்துக் கீழே கொண்டுவந்த பொருள்களுள் அதுவும் ஒன்று.

இப்பொருள்களைப் பயன்படுத்தியவர் உட்பொருளைக் கேட்டறிய வேண்டிய நிலையில் இல்லை. மரம் தெரியும், இடித்தவர் தெரியும். பட்டியல் தேவைப்படாத காலம் அது. எனினும் அதனாலேயே அவை தீங்கற்றவை என்று கொள்வது வரலாறாகாது. அரப்பிலும் சீயக்காயிலும் நுரையை உண்டாக்குவது சப்போனின் என்னும் வேதிப்பொருள். அது கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும் என்பதைச் சீயக்காய் தேய்த்துக் குளித்த எந்தக் குழந்தையும் அறியும். சப்போனின் நிறைந்த தாவரங்களை நீரில் கரைத்து மீன்களை மயங்கச் செய்து பிடிக்கும் முறை உலகின் பல பகுதிகளில் இருந்துள்ளது. தீங்கு இருந்தது, அதன் அளவையும் தவிர்க்கும் வழியையும் வழக்காறு கற்றுத்தந்தது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

உவர்நீரும் நுரையும்

தலைமுழுக்கில் சீயக்காயின் இடத்தைச் சோப்பு ஏன் முழுமையாகப் பிடிக்கவில்லை, ஷாம்பு எவ்வாறு பிடித்தது என்ற கேள்விக்குத் தருமபுரியின் நிலத்தடி நீர் ஒரு விடை தருகிறது. கடினத்தன்மை மிகுந்த நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத பிசுக்காகப் படியும், கூந்தல் சிக்காகும். சப்போனினுக்கு இக்குறை இல்லை. சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் போன்ற செயற்கை நுரைப்பொருள்களும் கடின நீரில் நன்றாகவே நுரைக்கும். ஷாம்பு பரவியதற்கு விளம்பரத்தை மட்டும் காரணமாகச் சொல்லும் ஆய்வுகள், கிணற்று நீரைக் கணக்கில் கொள்ளாதவை.

இந்நீரே இம்மாவட்டத்துக்கு மற்றொரு பாடத்தையும் தந்தது. கண்ணுக்குத் தெரியாத ஃபுளூரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததால், காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃபுளூரைடு பாதிப்புக் குறைப்பையும் தன் பெயரிலேயே ஏற்றது. இங்குப் பற்பசை பற்றிய விதி ஒன்று ஒப்புநோக்கத்தக்கது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 1945-இன் 149-ஏ விதி, பற்பசையில் ஃபுளூரைடு பத்து லட்சத்தில் 1000 பங்கை மிஞ்சக்கூடாது என்றும், உள்ள அளவைக் குழாயிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்றும் கூறியது. ஒரு பொருளின் தீங்கு அறியப்பட்டபின் அதன் அளவை வாங்குவோர் கண்முன் வைக்கச் சட்டத்தால் இயலும் என்பதற்கு இது சான்று. தலைக்குப் பூசும் பொருளில் இதே தெளிவு வரவில்லை.

கடலூரில் தோன்றிய பாக்கெட்

ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையின் இந்திய வரலாறு தமிழ்நாட்டில், கடலூரில் தொடங்குகிறது. புட்டியில் விற்கும் பொருளை ஒருமுறைக்குத் தேவையான அளவில் தந்தால் ஏழை எளியோரும் வாங்குவர் என்பது சின்னி கிருஷ்ணனின் எண்ணம். அவர் குடும்பத்தாரின் ‘வெல்வெட்’ ஷாம்பு அவ்வழியில் சந்தைக்கு வந்தது. அவருடைய மகன்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொடங்கி ‘சிக்’ ஷாம்புவைக் கொண்டுவந்தார். தந்தையின் பெயரிலிருந்து பிறந்தது அப்பெயர். வெற்றுப் பாக்கெட்டுகளைத் திருப்பித் தந்தால் ஒரு புதிய பாக்கெட் இலவசம் என்ற திட்டமும், பின்னாளில் வந்த 50 காசு விலையும் ஷாம்புவைச் சிற்றூர்ப் பெட்டிக்கடைவரை கொண்டுசேர்த்தன. தினக்கூலியில் வாழும் குடும்பங்கள் மிகுந்த தருமபுரி போன்ற மாவட்டத்தில், நகரத்தார் மட்டும் நுகர்ந்த பொருள் அனைவர்க்கும் எட்டியது என்ற வகையில் இது ஒரு சமூக மாற்றமே. அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

ஆனால் பாக்கெட்டின் சிறுமை வேறொன்றையும் மறைத்தது. அழகுசாதனப் பொருள்கள் இந்தியச் சட்டத்தின் ஆளுகைக்குள் வந்ததே பிற்பட்டுத்தான். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டம், 1962-ஆம் ஆண்டின் திருத்தத்தால் ‘மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம்’ ஆயிற்று. இத்திருத்தம் 1964-இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் விதிகளில் உட்பொருள் பட்டியல் இடம்பெற்றது. ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அளவின் இறங்குவரிசையிலும், அதற்குக் குறைந்தவை எவ்வரிசையிலும் ‘உட்பொருள்கள்’ என்ற தலைப்பின்கீழ் அச்சிடப்பட வேண்டும். இவ்விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவப் பொதிக்கும், 30 கிராமுக்குக் குறைந்த திட, அரைத்திடப் பொதிக்கும் இப்பட்டியல் கட்டாயமில்லை. 2020 டிசம்பரில் வெளியான அழகுசாதனப் பொருள்கள் விதிகளிலும் இவ்விலக்கு தொடர்கிறது.

சில மில்லிலிட்டரே கொண்ட ஷாம்பு பாக்கெட் இவ்விலக்கின் நடுவில் அமர்கிறது. சில நிறுவனங்கள் விருப்பத்தின்பேரில் பட்டியலை அச்சிடலாம்; அது வேறு. புட்டி வாங்க வசதியுள்ளவருக்கு உரிமையாகக் கிடைப்பது, பாக்கெட் வாங்குவோருக்கு உற்பத்தியாளரின் நல்லெண்ணமாகவே கிடைக்கிறது என்பதுதான் இங்குச் சுட்டத்தக்கது. ஒருவர் ஓராண்டில் அடுத்தடுத்து வாங்கும் பாக்கெட்டுகளைச் சேர்த்தால் பல புட்டிகளாகும். விதியோ பொதியின் அளவைப் பார்க்கிறது. பயன்பாட்டின் அளவைப் பார்க்கவில்லை.

பட்டியலில் எவற்றைத் தேட வேண்டும் என்பதிலும் குழப்பம் மலிந்துள்ளது. சோடியம் லாரில் சல்பேட் தோலை உறுத்தும் என்பது உண்மை. புற்றுநோய் தரும் என்ற பரவலான பேச்சுக்கு ஆதாரமில்லை. லாரெத் சல்பேட்டில் கவனிக்க வேண்டியது, அதன் தயாரிப்பில் மாசாக எஞ்சக்கூடிய டையாக்சேன். அது பட்டியலில் இடம்பெறாது; சேர்க்கப்பட்ட பொருளன்று என்பதே காரணம். பாரபென்களுள் ஐந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தடைசெய்தது. எஞ்சியவற்றுக்கு வரம்பு வைத்தது. ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது. டிஎம்டிஎம் ஹைடன்டாயின் போன்ற பதப்படுத்திகள் அதனைச் சிறிது சிறிதாக வெளியிடுவன. பட்டியலில் அப்பெயரைக் காண்பவருக்கு ஃபார்மால்டிஹைடு நினைவுக்கு வராது.

ஓர் எச்சரிக்கை வாசகத்தின் பயணம்

தலைச்சாயத்தின் வரலாறு இதனினும் கடுமையானது. கருஞ்சாயத்தின் முதன்மைப் பொருளான பாரா-ஃபினைலீன்டயமின் 19-ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டது. 1883-இல் பிரான்சில் சாயமிடும் பொருளாகக் காப்புரிமை பெற்றது. 1930களில் அமெரிக்காவில் இதனைக் கொண்ட ‘லாஷ் லூர்’ என்னும் இமைச்சாயம் பெண்கள் சிலரின் கண்பார்வையைப் பறித்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அன்றைய சட்டத்தில் அழகுசாதனப் பொருள்களைத் தடுக்க வழியில்லை. 1938-இல் இயற்றப்பட்ட உணவு, மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டம் அக்குறையை நீக்கியது. எனினும் நிலக்கரித் தாரிலிருந்து பெறும் தலைச்சாயங்களுக்கு, எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தால் விலக்கு அளித்தது. தோலில் எரிச்சல் உண்டாகலாம், முன்சோதனை செய்க, புருவத்துக்கும் இமைக்கும் பூசற்க, பூசினால் பார்வை போகலாம் என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம்.

இந்திய விதிகளின் 149-ஆம் விதி தலைச்சாயப் பொதிகளின் உள், வெளி மேலட்டைகளில் அச்சிடுமாறு பணித்த வாசகம், ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் அந்த அமெரிக்க வாசகமே. அதனை ஆங்கிலத்திலும் வட்டார மொழிகளிலும் தர வேண்டும் என்பது இந்திய விதியின் சேர்க்கை. பெட்டிக்கடையில் தொங்கும் சாயப் பொதியில் காணும் ‘கண் பார்வை போகலாம்’ என்ற தமிழ்த் தொடருக்குப் பின்னால் அப்பெண்களின் இழப்பு இருக்கிறது. ஷாம்புவுக்குரிய அளவு விலக்கு இவ்வெச்சரிக்கைக்கு வைக்கப்படவில்லை. ஆகவே சில கிராம் எடையுள்ள சாயத்தூள் பொதியும் இரு மொழிகளில் இத்தனையும் சொல்லியாக வேண்டும். எழுத்து எவ்வளவு சிறுக்கும் என்பதை ஊகிக்கலாம்.

‘கருப்பு மருதாணி’ என்ற பெயர் இன்னொரு சிக்கல். மருதாணி இலை செம்பழுப்பு நிறமே தரும். சில நிமிடங்களில் கருமை தரும் தூளில் பெரும்பாலும் இச்சாயப்பொருளே கலந்திருக்கும். இலையின் பெயர் தாங்கியதை நம்பி வாங்குபவர், அரப்பை நம்பிய அதே மனநிலையில் வாங்குகிறார். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2006-இல் இப்பொருளையே ‘ஆண்டின் ஒவ்வாமைப்பொருள்’ எனத் தேர்ந்தது. இது உடலுக்குள் சென்றால் முகமும் கழுத்தும் வீங்கிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். அத்தகையோர் தென்னிந்திய மருத்துவமனைகளில் தொடர்ந்து சேர்க்கப்பட்டு வருவதை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்துள்ளன.

149-ஆம் விதி கூறிய முன்சோதனையின்படி, காதின் பின்புறத்திலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிதளவு பூசி உலரவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை சாயமிடும் முன்னரும் இவ்வாறு செய்ய வேண்டும். முடிதிருத்தகத்தில் சாயமிட்டுக் கொள்பவர் இதன்படி நடக்க இரண்டு நாள் வர வேண்டும். அவர் முன் வருவது கிண்ணத்தில் கரைத்த சாயம் மட்டுமே, மேலட்டை அன்று. முடிதிருத்துவோர் தொழிலில் நேரும் வேதிப்பொருள் தொடர்பை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாகக் கருதத்தக்க இரண்டு-ஏ வகையில் பன்னாட்டு முகமை வைத்துள்ளது. தாமே பூசிக்கொள்வோரைப் பற்றி அவ்வாறு முடிவுசெய்யப் போதிய சான்றில்லை எனவும் அது கூறுகிறது. 149-ஆம் விதியின் எச்சரிக்கை வாசகமோ பூசிக்கொள்பவரின் தோலையும் கண்ணையும் பற்றியே பேசியது. நாள்தோறும் சாயத்தைக் கரைத்துப் பூசும் கைகள் அவ்வாசகத்தில் இடம்பெறவில்லை.