வெயிலைச் சேமித்து விழித்திருப்பவை

பாலவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடைகளையும் அடுக்ககங்களையும் தாண்டி மணலை நோக்கி நடந்தால் அதன் மீனவர் குப்பம் வருகிறது. அங்கிருந்து மேற்கே, பக்கிங்காம் கால்வாயைக் கடந்து சதுப்பு நிலத்தின் மறுகரைக்குப் போனால், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதந்தபடி காற்றையும் அலையையும் அளந்துவரும் தரவு மிதவைகளைப் பேணுவது இந்நிறுவனமே. இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர்கள்தாம். இரண்டும் பார்த்திருப்பது ஒரே கடலை. ஆயினும் இவ்விரு பார்வைகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. இன்றும் முழுமையாக அறிந்துகொண்டன என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

கருவி கொண்டு கடலைக் கண்காணிக்கும் வழக்கம் நம் கரைக்குப் புதிதன்று. இந்திய நில அளவைத் துறையினர் 1880-இல் சென்னையில் ஓதமானி ஒன்றை இயக்கத் தொடங்கினர். கிணறு போன்ற குழிக்குள் மிதப்பான் ஒன்று நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். கடிகாரப் பொறியால் சுழலும் உருளையில் சுற்றிய தாளில், எழுதுகோல் அந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரையும். மின்சாரம் வேண்டியதில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவும் தாளை மாற்றவும் ஓர் எழுத்தர் இருந்தால் போதும். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே எழுந்த நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை இத்தகைய தாள்களில்தான் பதிவாயிற்று. 1883 ஆகஸ்டில் கிரக்கடோவா எரிமலை வெடித்தபோது கிளம்பிய அலைகளும் சென்னைத் தாளில் சிறு நடுக்கமாக வந்து சேர்ந்தன.

அவை அறிவியலாருக்குக் கிடைத்த அரிய ஆவணங்கள். ஆனால் அலை கரையைத் தொட்ட பிறகே எழுதப்பட்டவை. கரையிலிருக்கும் கருவி, வந்ததைச் சொல்லுமே தவிர வரப்போவதைச் சொல்லாது.

இதன் பொருளை நாம் 2004 டிசம்பர் 26 அன்று உணர்ந்தோம். சுமத்ராவுக்கு அப்பால் நிலம் பிளந்தபோது இந்திய நேரம் காலை 6.29. சென்னைக் கரையை அலை எட்டியது ஏறத்தாழ ஒன்பது மணிக்கு. இடையில் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. பாலவாக்கம் உள்ளிட்ட குப்பங்களில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, வலையும் படகும் மீனுமாக வழக்கம்போல் கழிந்துகொண்டிருந்தது. துறைமுகத்தின் ஓதமானி அலையைப் பதிவுசெய்யவே செய்தது. 1881-இல் செய்த அதே வேலையை, அதே காலத்தாழ்வோடு. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால் கருவி கடலின் நடுவே இருக்க வேண்டும். தான் கண்டதை உடனுக்குடன் கரைக்கு அனுப்பவும் வேண்டும். அங்கே சாவி கொடுக்க எழுத்தர் இல்லை. மின்கம்பி இல்லை. பேட்டரியைக் கொண்டுபோய் வைத்தால் அது தீரும்வரைதான் வாழ்வு. மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் கப்பல் போக வேண்டும். ஆளில்லா இடத்தில் கருவியை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்ற இக்கேள்விக்கான விடை, கடலுக்குத் தொடர்பில்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினர் சிலிக்கன் சூரிய மின்கலத்தை அறிமுகப்படுத்தினர். தன்மீது விழும் ஒளியில் சுமார் ஆறு விழுக்காட்டையே அது மின்சாரமாக்கியது. மறு ஆண்டே ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நாட்டுப்புறத் தொலைபேசித் தடத்தில் அதைச் சோதித்தனர். 1958-இல் விண்ணேறிய வான்கார்டு-1 செயற்கைக்கோளில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பேட்டரியை மட்டும் நம்பியது விரைவில் ஓய்ந்தது. சூரிய மின்கலம் கொண்டது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்துக்கு உகந்த மின்சாரம் எது என்பது அன்றே தெளிவாயிற்று.

நம் கடலுக்கு அது வந்தது 1990-களில். 1993-இல் தொடங்கப்பட்ட கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1996-இல் தேசியத் தரவு மிதவைத் திட்டத்தை மேற்கொண்டது. நார்வே நாட்டின் உதவியோடு 1997 முதல் மிதவைகள் இறங்கலாயின. ஆழ்கடலில் நங்கூரமிட்ட மஞ்சள் நிறக் கூடு, அதன்மேல் சூரியத் தகடுகள், உள்ளே பேட்டரிகள், உச்சியில் காற்றுமானியும் செயற்கைக்கோளோடு பேசும் அலைவாங்கியும். பின்னர் வந்த ஆம்னி வகை மிதவைகள் கடலுக்குள் 500 மீட்டர் ஆழம்வரை வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்தன.

கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும் இவ்வேற்பாட்டில் ஒரு முரண் உண்டு. கருவி கட்டாயமாக விழித்திருக்க வேண்டிய நாட்களே வெயில் இல்லாத நாட்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில், புயல்சின்னம் உருவானால் நாட்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும். ஆகவே தகட்டைவிடப் பேட்டரியைப் பற்றியே பொறியாளர் அதிகம் கவலைப்பட வேண்டும். ஒரு சிறு கணக்கு: சராசரியாக அரை வாட் செலவழிக்கும் கருவிக்கு ஒரு நாளைக்கு 12 வாட்-மணி தேவை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. ஈயப் பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதிக்குமேல் எடுப்பது நல்லதல்ல. ஆக, மூன்றரை நாள் இருளைத் தாங்கலாம். புயல் நான்காம் நாளும் நீடித்தால்? எனவே பேட்டரியைப் பெரிதாக்குகிறார்கள். கருவியைப் பெரும்பொழுது உறங்கவிட்டு, குறித்த வேளையில் மட்டும் எழுப்பி அளக்கச் செய்கிறார்கள். தரையில் உள்ள தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்திவிடலாம். மிதவையோ சுழன்றுகொண்டே இருக்கும். அதற்குத் திசை கிடையாது, ஆகவே தகடுகளைச் சுற்றிலும் பொருத்த வேண்டும். போதாக்குறைக்கு உப்புப் படிவு, பறவை எச்சம்.

ஆழிப்பேரலையைக் கண்டறிய இதுவும் போதாது. கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி வேண்டும். வெயில் எட்டாத அவ்வாழத்தில் அது பேட்டரியை மட்டுமே நம்பி, மேலே மிதக்கும் துணைக்கு ஒலியலையால் செய்தி அனுப்புகிறது. இவற்றையெல்லாம் இணைத்த எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் 15 அன்று ஐதராபாத்தில் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது சென்னையிலும் கட்டடங்கள் ஆடின. மக்கள் தெருவுக்கு ஓடிவந்தனர். பேரலை எழவில்லை என்பதை அன்று உறுதிசெய்ய உதவியவை கடலில் இருந்த கருவிகளே.

ஆனால் இக்கருவிகளுக்கு நேர்ந்த பெருஞ்சேதம் பலமுறை புயலால் வந்ததன்று. மனிதக் கைகளால் வந்தது. மிதக்கும் எப்பொருளின் நிழலிலும் மீன் கூடும் என்பது கடலோடிகளின் பழைய அறிவு. மிதவையில் படகைக் கட்டி மீன் பிடிப்பார்கள், தூண்டில் கயிறு கருவியின் வடத்தில் சிக்கும், வடம் அறுபடும். சூரியத் தகடுகளும் பேட்டரிகளும் கழற்றி எடுக்கப்பட்டதும் உண்டு. இந்தியக் கடலில் மட்டுமல்ல, உலகின் பல கடல்களிலும் இதே நிலைதான். இதை வெறும் திருட்டு என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. நடுக்கடலில் கேட்பாரின்றி மிதக்கும் பொருள் யாருக்கு உரியது, யாருக்காக விழித்திருக்கிறது என்று அங்கே மீன்பிடிப்பவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்நிறுவனம் கடலோர ஊர்களுக்குச் சென்று விளக்கக் கூட்டங்கள் நடத்தியது அதனால்தான். பாலவாக்கத்துச் சிறு படகுகள் மிதவை இருக்கும் தொலைவுக்குப் போவதில்லை. சேதத்தில் அவற்றுக்குப் பங்கில்லை. ஆனால் மிதவை ஊமையானால் இழப்பில் அவற்றுக்கும் பங்குண்டு.

நம்பிக்கை அமைந்த இடத்தில் என்ன நிகழும் என்பதற்குப் புதுவையை அடுத்த நல்லவாடு சான்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அப்பகுதி ஊர்களில் அறிவு மையங்களை நிறுவியது. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரியத் தகடுகளையும் பயன்படுத்தியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பது வழக்கமாயிற்று. 2004-இல் அந்த ஞாயிறன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசினார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேட்டுக்கு ஓடினர். படகுகள் போயின, உயிர்கள் தப்பின. அன்று அவர்களைக் காத்தது ஆழ்கடல் கருவியன்று. ஒலிபெருக்கியில் வரும் சொல்லை நம்பலாம் என்று சில ஆண்டுகளாகப் பழகியிருந்த காது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர் பலர் நாட்கள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தனர். கரையில் விடுத்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. 2019-இல் செயற்கைக்கோள் வழியே படகுக்கே செய்தி கொண்டுசேர்க்கும் ஜெமினி என்ற சிறு கருவி அறிமுகமானது இத்தகைய இழப்புகளுக்குப் பின்னரே.

ஓதமானித் தாளைக் கப்பல்காரரும் அளவையாளரும் படித்தனர். குப்பத்துக்கு அதில் வேலை இருக்கவில்லை. இன்றைய மிதவை அனுப்பும் எண்கள் குப்பத்தின் உயிரோடு தொடர்புடையவை. ஆதலால் நாம் வேண்டுவது ஒன்றுதான். தகட்டுக்கும் பேட்டரிக்கும் காட்டிய அக்கறையை, அந்த எண் ஐதராபாத்திலிருந்து பாலவாக்கத்து மணலுக்கு வந்துசேரும் கடைசிச் சில கிலோமீட்டருக்கும் காட்ட வேண்டும். அந்தத் தொலைவைக் கடக்க வெயில் உதவாது. மனிதர் நடந்துபோய், உட்கார்ந்து, பேசித்தான் ஆக வேண்டும்.