20 அடிப் பெட்டி 20 அடி இல்லை

“இருபது அடிக் கொண்டெய்னர்” எண்டு எல்லாரும் சொல்கிற பெட்டியை ஒருக்கால் நாடா வைத்து அளந்து பாருங்கள். 20 அடி வராது. 19 அடி 10½ அங்குலம்தான் வரும். ஏன் தெரியுமா? ஒரு 40 அடிப் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு 20 அடிப் பெட்டிகளை வைக்கும்போது நடுவில் 3 அங்குல இடைவெளி வேண்டும். அந்த மூன்று அங்குலத்தை இரண்டு பெட்டிகளும் பாதி பாதியாக விட்டுக்கொடுத்திருக்கின்றன. 40 அடிப் பெட்டி மட்டும் முழுசாக 40 அடி.

இந்தப் பெட்டியின் எந்த அளவும் தானாக வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ சண்டை பிடித்திருக்கிறார்கள், யாரோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யார் விட்டுக்கொடுத்தது என்பதுதான் இந்தக் கதை.

பெட்டி வருவதற்கு முன் கப்பலில் சரக்கு ஏற்றுவது கைவேலை. மூட்டை, பீப்பாய், தேயிலைப் பெட்டி, றப்பர் பொதி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம், ஒவ்வொரு பாரம். லொறியிலிருந்து கிட்டங்கிக்கு, கிட்டங்கியிலிருந்து துறைமேடைக்கு, அங்கிருந்து கப்பலின் வயிற்றுக்குள் என்று ஒரே மூட்டை பல தோள்கள் மாறும். ஒரு கப்பல் கடலில் ஓடிய நாட்களுக்குச் சமமாகத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்ததும் உண்டு.

வட கரோலினாவைச் சேர்ந்த லொறி முதலாளி மல்கம் மக்லீனுக்கு இந்தத் தாமதம் காசாகத் தெரிந்தது. சரக்கை இறக்கி ஏற்றுவதை விட்டிட்டு, லொறியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன? 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளோடு நியூ ஜேர்சியின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரியாக ஏற்றினால் ஒரு தொன்னுக்கு 5.83 டொலர், பெட்டியாக ஏற்றினால் 16 சதத்துக்கும் குறைவு. மக்லீனின் ஆட்கள் போட்ட கணக்கு இது.

அடுத்த வருடம் மக்லீன் ‘கேட்வே சிட்டி’ என்ற கப்பலை 226 பெட்டிகள் ஏற்றக்கூடியதாக மாற்றினார். அந்தப் பெட்டிகளின் நீளம் 35 அடி. நெடுஞ்சாலையில் ஓட அனுமதி இருந்த நீளம் அது. 1958 இல் மற்சன் கம்பனி ஹவாய்க்குப் பெட்டி அனுப்பத் தொடங்கியபோது 24 அடியைத் தேர்ந்தெடுத்தது. கலிபோர்னியாச் சாலைகளில் ஒரு லொறி அப்படியான இரண்டு பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கலாம். அமெரிக்க இராணுவத்திடம் அதற்கும் முன்பே ‘கொனெக்ஸ்’ என்ற சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. அதன் நீளம் எட்டரை அடி. மூன்று பேர், மூன்று அளவு. ஒருத்தரின் பெட்டி மற்றவரின் கப்பலில் பொருந்தாது, ஒருத்தரின் பாரந்தூக்கி மற்றவரின் பெட்டியைத் தூக்காது.

1958 இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு ஒரு குழுவை அமைத்தது. 1961 இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வும் சேர்ந்துகொண்டது. வருடக்கணக்கான கூட்டங்களுக்குப் பிறகு தீர்மானித்த நீளங்கள் 10, 20, 30, 40 அடி. ஒன்றோடொன்று கூட்டினால் சரியாகப் பொருந்தும் எண்கள். வேடிக்கை என்னவென்றால் 35உம் அந்தப் பட்டியலில் இல்லை, 24உம் இல்லை. பெட்டியை உண்மையில் கடலில் ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பெரிய கம்பனிகளின் அளவும் தரத்துக்கு வெளியே போயிற்று!

ஆனால் மக்லீனின் கம்பனியிலிருந்து ஒன்று மட்டும் உள்ளே வந்தது. பெட்டியின் எட்டு மூலைகளிலும் இருக்கும் துளையிட்ட உருக்குக் கட்டிகளைக் கவனித்திருப்பீர்கள். பொறியியலாளர் கீத் டான்ட்லிங்கரின் வடிவமைப்பிலிருந்து வளர்ந்தவை அவை. அந்தத் துளைக்குள் ஒரு பூட்டைச் செருகித் திருப்பினால் பெட்டி கீழே உள்ள பெட்டியோடு இறுகிவிடும். லொறியிலும் அதே பூட்டுத்தான். இதற்கான காப்புரிமையை 1963 இல் கம்பனி எல்லாருக்கும் திறந்துவிட்டது. நீளத்தை விட இந்த மூலைதான் முக்கியம் என்று சொல்லலாம். மூலை ஒன்றாக இருந்தபடியால்தான் எந்த நாட்டுப் பாரந்தூக்கியும் எந்த நாட்டுப் பெட்டியையும் தூக்குகிறது.

அகலம் 8 அடி, அதுவும் அமெரிக்கச் சாலையின் அளவு. ஐரோப்பாவில் சரக்கு அடுக்கும் பலகைத் தட்டின் நீளம் 1.2 மீற்றர். பெட்டியின் உள் அகலமோ கிட்டத்தட்ட 2.35 மீற்றர். இரண்டு தட்டுகளைக் குறுக்கே வைக்க 2.4 மீற்றர் வேண்டும். ஐந்து சென்ரிமீற்றர் காணாது! அதனால் ஐரோப்பாவுக்குள் ஓடுவதற்கென்றே கொஞ்சம் அகலமான 45 அடிப் பெட்டிகளைச் செய்யவேண்டி வந்தது. உயரமும் முதலில் 8 அடிதான். பிறகு எட்டரை ஆகியது. இப்போது ‘ஹை கியூப்’ எனப்படும் ஒன்பதரை அடிப் பெட்டிதான் எங்கும்.

வெளிச் சட்டகம் ஒன்றாக இருந்தால் உள்ளே எதையும் மாற்றலாம். குளிரூட்டி பூட்டினால் மீனும் இறாலும் போகும். கூரையைத் திறந்தால் மேலிருந்து இயந்திரத்தை இறக்கலாம். பக்கச் சுவரே இல்லாத தட்டை வகையும் உண்டு. 20 அடிச் சட்டகத்துக்குள் ஒரு உருளைத் தாங்கியைப் படுக்கவைத்தால் எண்ணெயோ அமிலமோ ஏற்றலாம். 20 அடிப் பெட்டி சுமார் 33 கன மீற்றர் கொள்ளும், 40 அடிப் பெட்டி அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் தாங்கும் பாரம் இரண்டு மடங்கு ஆகாது. அதனால்தான் ஓடு, அரிசி, உலோகம் போன்ற பாரமான சரக்குக்கு 20 அடியும், ஆடை போன்ற இலேசான சரக்குக்கு 40 அடியும் பிடிக்கிறார்கள். கப்பலின் கொள்ளளவைச் சொல்வது 20 அடியை ஒன்றாக எண்ணும் ‘டீ.ஈ.யூ.’ கணக்கில். இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் 24,000 டீ.ஈ.யூ.வையும் தாண்டிவிட்டன.

சரி, அந்த 5.83 டொலர் 16 சதமாகக் குறைந்ததே, மிச்சக் காசு யாருடைய கூலி?

அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் இந்தக் கேள்வியை நேரத்துக்குக் கேட்டார்கள். ஹரி பிரிட்ஜஸின் தலைமையில் அவர்களின் சங்கம் 1960 இல் ஒரு ஒப்பந்தம் போட்டது. இயந்திரம் வரட்டும், ஆனால் வேலை நீக்கம் கூடாது, வருடத்துக்கு 50 இலட்சம் டொலர் தொழிலாளர் நிதிக்கு வரவேண்டும். அந்த ஒப்பந்தத்திலும் இரண்டாம் நிலை உறுப்பினர்களுக்கு அதே பாதுகாப்புக் கிடைக்கவில்லை. இலண்டனில் வேறு கதை. டில்பரியில் தொழிலாளர்கள் 1968 முதல் 1970 வரை பெட்டிக் கப்பல்களைத் தடை செய்தார்கள். கப்பல்கள் பீலிக்ஸ்டோவுக்கும் ரொட்டர்டாமுக்கும் போயின. 1981க்குள் இலண்டனின் பழைய துறைகள் எல்லாம் மூடப்பட்டன. இன்று வங்கிக் கோபுரங்கள் நிற்கிற கனரி வார்ஃப் அப்படி மூடிய ஒரு துறையின் மேல் எழுந்ததுதான்.

கொழும்பிலும் 1927 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மூட்டையும் அவர்களின் கையைத் தாண்டித்தானே போகவேண்டும். கை நின்றால் கப்பல் நிற்கும். 1980களில் கொழும்பில் ஜய கொள்கலன் முனையம் எழுந்த பிறகு மூட்டை நேரடியாகக் கைக்கு வருவது குறைந்துபோனது. கூலி மட்டுமல்ல, பேரம் பேசும் பலமும் பெட்டியோடு மாறியது.

2019 இல் கொழும்புத் துறைமுகம் கையாண்டது 72 இலட்சம் டீ.ஈ.யூ. அதில் ஐந்தில் நான்கு பங்கு அளவு இலங்கைக்கு வந்ததே இல்லை. ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிப் போகும் பெட்டிகள் அவை. அவற்றின் கதவை இங்கே யாரும் திறப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது கடதாசியில் எழுதியிருப்பதுதான்.

அந்த மூடிய கதவின் விலை 2021 மே மாதம் தெரிந்தது. 1,486 பெட்டிகளோடு வந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது. ஒரு பெட்டியில் நைத்திரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. வருகிற வழியில் இரண்டு துறைமுகங்களில் அதை இறக்க முயன்றும் முடியவில்லை. கப்பல் மூழ்கியது, பிளாஸ்டிக் மணிகள் கரை முழுக்க ஒதுங்கின, மேற்குக் கரை மீனவர்களுக்குக் கடல் மூடப்பட்டது. அந்தப் பெட்டியை அனுப்பியவர்களும் அவர்கள் இல்லை, வாங்க இருந்தவர்களும் அவர்கள் இல்லை.

தரம் என்றால் எல்லாருக்கும் பொது என்று நினைக்கிறோம். பெட்டியின் அளவைப் பற்றிப் பேசிய கூட்டங்களில் கப்பல் கம்பனி இருந்தது, லொறிக் கம்பனி இருந்தது, ரயில் கம்பனி இருந்தது. மூட்டை தூக்கியவனுக்கு அங்கே கதிரை இல்லை, மீனவனுக்கும் இல்லை. ஒன்றரை அங்குலம் விட்டுக்கொடுத்த பெட்டிக்குப் பக்கத்தில் 40 அடி இடத்தில் பாதி கிடைத்தது. வேலையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது, யார் எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு நேரத்தோடு கேட்டார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது.